மாப்ள கிளட்ச் மாத்தப்போறாருங்கோவ்!

ஏனுங் மாப்ள, கூரியர்காரன் உங்க ஊட்டு வாசல்லயே குடியிருக்கறான்னு ஊரே பேசிக்குது. புல்லர் வந்துருச்சாமா, சர்க்கிளிப் பிளையர் வந்துருச்சாமா, கையுறை கூட வந்துருச்சாமா. கார் ஏசி கம்ப்ரசருக்குக் கிளட்ச் மாத்தப்போறீங்களாம், அதுவும் நீங்களே, ஊட்டு வாசல்லயே. சந்தோசமுங்க. உங்க தாத்தன் காலத்துல ஒரு பம்புசெட்டைப் பிரிக்கோணும்னா ஊர்ல நாலு பேரு கூடி நிப்பாங்க. உங்களுக்கு ஒரு போனே போதுமாட்ட இருக்குது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க: கிளட்ச் கெட்டுப்போச்சுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?

பட்டறைக்காரன் 'கம்ப்ரசரே போச்சு, முழுசா மாத்தோணும்'னு சொல்லித் தாட்டிவிட்டுட்டான். போன்ல ஒரு வெள்ளைக்காரன் 'கிளட்ச் மட்டுந்தான், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்'னு சொல்றான். பட்டறைக்காரன் பானட்டைத் தொறக்காமயே சொன்னான், வெள்ளைக்காரன் உங்க வண்டியவே பாத்ததில்லை. மூணாவது ஆளு நானு, நானும் பாக்கலீங்க. ஆனா எனக்கு உங்ககிட்ட விக்கறதுக்குச் சாமான் ஒண்ணும் கெடையாது. அந்த ஒரு காரணத்துக்காகச் சித்தெ காது குடுங்க.

மொதல்ல, உங்க வண்டியில கிளட்ச்னு ஒண்ணு இருக்குதான்னு பாத்தீங்களா? சிரிக்காதீங்க. இப்ப வர்ற சில வண்டிகள்ல அது கெடையாதுங்க. எஞ்சின் ஓடற வரைக்கும் கம்ப்ரசரும் கூடவே சுத்தீட்டு இருக்கும். உள்ளார சாய்வா ஒரு தட்டு இருக்குது. குளுரு வேணும்னா எச்சாச் சாயும், வேண்டாம்னா நிமுந்துக்கும். அதை ஒரு கண்ட்ரோல் வால்வு பாத்துக்குது. அந்த வண்டிக்கு முன்னால குத்தவெச்சு உக்காந்துக்கிட்டு, 'டக்'குனு சத்தம் வரும் வரும்னு காத்திருந்தீங்கன்னா பொழுது எறங்கீரும், சத்தம் வராது. மூஞ்சியில ஒரு தட்டு, அதுக்குப் பின்னால புல்லி, நடுவால மயிரிழையாட்ட ஒரு சந்து, புல்லிக்குப் பின்னால போற ஒயரு, இத்தனையும் தெரிஞ்சாத்தான் உங்குளுது கிளட்ச் வண்டி.

கிளட்சோட அருமை தெரியோணும்னா அது இல்லாத காலத்தைக் கேக்கோணுமுங்க. அமெரிக்காவுல பேக்கார்டுன்னு ஒரு கார் கம்பெனி இருந்துச்சு. கம்பெனியிலயே ஏசி வெச்சுத் தர்றோம்னு 1940 மாடல் வண்டிக்கு மொதமொதல்ல வித்தவங்க அவங்கதான். ஏசிக்கு மட்டும் தனியா 274 டாலர். குளுரவெக்கற காயிலு டிக்கியில பாதி எடத்தைப் புடிச்சுக்கிச்சு, பொட்டி வெக்க எடமில்லை. அதுக்குக் கிளட்ச்சும் இல்லை. எஞ்சின் ஓடுனா கம்ப்ரசரும் ஓடியே ஆகோணும். குளுரு தாங்கலீன்னா வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எறங்கிப் போய் பானட்டைத் தொறந்து, பெல்ட்டைக் கையால கழட்டி வெக்கோணும். திரும்ப வேணும்னா திரும்ப மாட்டோணும். அத்தனை காசு குடுத்துக் கார் வாங்குன மொதலாளி, கோட்டுப் போட்டுக்கிட்டு நடுரோட்டுல பெல்ட் கழட்டீட்டு நின்னிருப்பாரு. 1941ஓட அதைக் கைவிட்டுட்டாங்க. அந்தப் பெல்ட் கழட்டற சோலியை ஒரு பட்டன்ல செய்யறதுக்குத்தான் மாப்ள உங்க கிளட்ச் இருக்குது.

அது வேலை செய்யற விதம் நெம்ப எளுசு. கிளட்ச்சோட காந்தக் காயிலு கம்ப்ரசரோட மூக்குமேல அசையாம உக்காந்திருக்கும். அதுக்கு மேல புல்லி, பேரிங்ல சும்மா சுத்தீட்டு இருக்கும். பெல்ட் அதைத்தான் இழுக்குது. எல்லாத்துக்கும் முன்னால தட்டு. அது மட்டுந்தான் கம்ப்ரசர் ஷாஃப்ட்டைப் புடிச்சிருக்குது. காயிலுக்கு 12 வோல்ட் போனா காந்தமாகி, தட்டை இழுத்துப் புல்லியோட ஒட்டவெக்கும். அதுதான் 'டக்'. கரண்டு நின்னா தட்டுல இருக்கற பட்டை சுருளோ ரப்பரோ அதைப் பின்னால இழுத்துக்கும். அவ்வளவுதான். சொந்தமா ஒரு முடிவும் எடுக்கத் தெரியாத சாமான் அது. மேல இருந்து ஆர்டர் வந்தா ஒட்டும், வராட்டி சும்மா இருக்கும். உங்க ஆபீசுலயும் அப்பிடி ஆளுக இருப்பாங்க, நான் யாரையும் சொல்லலீங்க. ஆர்டரே வராதவனைப் புடிச்சு வேலையை விட்டுத் தூக்கறதுதான் உங்க திட்டம்.

அதனால டூல் பெட்டியை மூடி வெச்சுட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, புளோயரையும் போட்டு, அக்கட்டால நின்னு பாருங்க. புல்லி சுத்தும். நடுத்தட்டும் ஒட்டுக்காச் சுத்துதா, சும்மா நிக்குதா? குளுரு வராதப்பவும் சுத்துச்சுன்னா கிளட்ச்மேல குத்தமில்லை, கேஸோ வேறெதோ பாக்கோணும், நீங்க டூலெல்லாம் திருப்பி அனுப்பிரலாம். நின்னுச்சுன்னா எஞ்சினை நிறுத்தீட்டு ஃபியூஸ் பொட்டியைத் தொறங்க. ஃபியூஸ் சரியா இருந்தா ரிலே. பல வண்டியில ஹார்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே ரகமா இருக்கும், மூடியில படம் போட்டிருப்பாங்க. ரெண்டையும் எடம் மாத்திப் பாருங்க. ஏசி ஓடிருச்சுன்னா வைத்தியம் முடிஞ்சுது. ஆனா புது ரிலே வாங்கறதுக்கு வெடியால கடைக்குப் போகையில திரும்ப மாத்தி வெச்சுட்டுப் போங்க. பல்லடம் ரோட்டுல ஏசி இல்லாமப் போயிரலாம், ஹார்ன் இல்லாமப் போக முடியாதுங்க.

ரிலேயும் நல்லா இருக்குதா? அப்ப காயிலுக்குப் போற ஒயர்ல 12 வோல்ட் வருதான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க. மீட்டரும் வாங்கியிருப்பீங்க, எனக்குத் தெரியும். வோல்ட் வரலீன்னா கிளட்ச்சைத் தொடவே தொடாதீங்க, அது நெரபராதி. எஞ்சினை நிறுத்திப்போட்டு, பேட்டரியில இருந்து ஃபியூஸ் போட்ட ஒயர்ல காயிலுக்கு நேரடியாக் கரண்டு குடுங்க. டக்குனு ஒட்டுச்சுன்னா சந்தேகமே வேண்டாம், ஆர்டர்தான் வரலை. வரவுட்டாம நிறுத்துனது யாருன்னு கண்டுபுடிக்கறதுதான் மிச்ச வேலை.

நிறுத்தறதுக்கு நெறைய ஆளுக இருக்கறாங்க. எஞ்சின் சூடேறுனா கம்ப்யூட்டர் நிறுத்தும். நீங்க ஓவர்டேக் பண்றேன்னு ஆக்சிலேட்டரை முட்ட மிதிச்சாலும் பல வண்டியில சித்த நேரம் நிறுத்தும். கூலிங் காயில்ல பனி கட்டற நெலமை வந்தா அங்கிருக்கற சென்சார் நிறுத்தும். எல்லாத்தையும் விட முக்கியமான ஆளு பிரஷர் சுவிட்ச். கேஸ் கொறைஞ்சு போச்சுன்னா அது கிளட்ச்சை ஒட்டவே உடாது. கெணத்துல தண்ணி இல்லாட்டி மோட்டார் ஓடாம நிறுத்தறதுக்கு நம்ம தோட்டத்து ஸ்டார்டர்ல ஒரு ரிலே வெச்சிருக்கறமே, அதே சோலிதானுங்க. அது நிறுத்துச்சுன்னு அதையவே கழட்டி எறிஞ்சு மோட்டார் எரிஞ்சவங்க நம்மூர்ல இருக்கறாங்க, பேரு வேண்டாம், ஒறம்பரை. உங்க போன்லயும் ஒருத்தன் சொல்லித்தருவான், பிரஷர் சுவிட்ச் ஒயரு ரெண்டையும் முறுக்கி விட்டா ஏசி ஓடும்னு. ஓடும். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோட கலந்துதான் சுத்தி வருது. கேஸ் இல்லாட்டி எண்ணெயும் திரும்பி வராது. காஞ்சு ஓடி உள்ளார புடிச்சுக்கும். அப்புறம் பட்டறைக்காரன் மொதல்ல சொன்னது நெசமாயிரும். அவனுக்கு வாக்குப் பலிச்ச பெருமை, உங்களுக்கு முட்டுவழி.

சரி, வோல்ட் வருது, தட்டு அசையல. இப்ப உங்க பக்கம் ஞாயம் வருது. எஞ்சினை நிறுத்தி, காயில் கனெக்டரைக் கழட்டி ஓம் பாருங்க. பெரும்பாலும் 3ல இருந்து 4 ஓமுக்குள்ளதான் இருக்கும். மீட்டர் ஒண்ணுமே காட்டலீன்னா காயில் அத்துப்போச்சு. சைபருக்குப் பக்கத்துல காட்டுனா உள்ளார ஷார்ட், அதுதான் ஃபியூஸைத் தின்னுருக்கும். ஒத்தை ஒயர் காயிலா இருந்தா எர்த்து கம்ப்ரசர் ஒடம்பு வழியாத்தான் போகுது. அங்க துரு புடிச்சிருந்தாலும் அது படுத்துக்கும்.

இன்னொரு ரகம் இருக்குது, அதுதான் எனக்குப் புடிச்சது. வெடியால ஏசி நல்லா ஓடும். மத்தியானம், அவினாசி பைபாஸ்ல, அம்முணியும் குழந்தைகளும் பின்னால இருக்கறப்பப் பாத்து நின்னுக்கும். பொழுதோட ஊட்டுக்கு வந்து நீங்க பாக்கறப்ப மறுபடியும் ஓடும். நீங்க பொய் சொல்றீங்கன்னு அம்முணி நெனச்சுக்கும். விசயம் இதுதானுங்க: வருசக்கணக்கா ஒட்டி ஒட்டித் தட்டும் புல்லியும் தேஞ்சு சந்து அகலமாயிருச்சு. சூடேறுனா காயிலோட ஓம் ஏறும், கரண்டு கொறையும், காந்தத்துக்கு வலு கொறையும். வெடியால தாண்டுன சந்தை மத்தியானம் தாண்ட முடியல. பல கம்ப்ரசருக்கு இந்தச் சந்து அரை மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கோணும், 0.35ல இருந்து 0.65 வரைக்கும்னு போட்டிருப்பாங்க. உங்க வண்டி புஸ்தகத்துல என்ன போட்டிருக்குதோ அதுதான் கணக்கு. ஃபீலர் கேஜ் வெச்சு அளங்க. கல்யாணப் பத்திரிகையை மடிச்சு உட்டுப் பாக்கற சோலி வேண்டாம், ஒவ்வொரு ஊட்டுப் பத்திரிகை ஒவ்வொரு கனத்துல இருக்குது.

சந்து எச்சா இருந்தா என்ன வாங்கோணும்? ஒண்ணும் வாங்க வேண்டாமுங்க. அதைத்தான் போன்ல சொல்லமாட்டானுக. தட்டைக் கழட்டுனா ஷாஃப்ட்டுக்கும் தட்டுக்கும் நடுவால மெலுசா வளையம் வளையமா 'சிம்' இருக்கும். அதுல மெலுசா ஒண்ணை எடுத்துப்போட்டுத் தட்டைத் திரும்ப மாட்டுங்க, சந்து அந்த அளவுக்குக் கொறைஞ்சுரும். கெட்டுப்போனதுன்னு நெனச்ச கிளட்ச் இன்னும் பல காலம் ஓடும். எத்தனையோ நல்ல கிளட்சுக உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில கெடக்குது பாருங்க, அதுகளுக்கெல்லாம் ஒரு சிம் எடுக்க ஆளில்லாமப் போச்சு.

மாத்தியே தீரோணும்னா, அதுக்கு முன்னால மூணு சோதனை. எஞ்சின் நின்னிருக்கறப்ப நடுத்தட்டைக் கையில புடிச்சுச் சுத்துங்க. சித்தெ முரண்டு புடிச்சாலும் சுத்தோணும். அசையவே இல்லீன்னா கம்ப்ரசர் உள்ளார இறுகிப்போச்சு. அதுக்குப் புதுக் கிளட்ச் மாட்டுனா கிளட்ச்சும் கருகும், பெல்ட்டும் கருகும். ரெண்டாவது, தட்டைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு இருக்குதான்னு பாருங்க. இருந்தா ஷாஃப்ட் சீல் ஒழுகுது. புதுத் தட்டும் அதே எண்ணெயில வழுக்கத்தான் போகுது. மூணாவது, சத்தம். ஏசி போட்டாத்தான் கரகரன்னு கேக்குதுன்னா கம்ப்ரசருக்குள்ள கோளாறு. ஏசி போடாதப்பவும் கேட்டா பெரும்பாலும் புல்லி பேரிங், ஏன்னா அது எஞ்சின் ஓடற நேரம் பூராச் சுத்துது. பேரிங் சத்தத்தை மட்டும் பாட்டுச் சத்தத்தை எச்சு வெச்சு மறைக்காதீங்க. அது இறுகிட்டா பெல்ட் அத்துப்போகும். பல வண்டியில அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும், சில வண்டியில தண்ணி பம்பையும் ஓட்டுது. குளுரு கேட்டுப் போனவன் எஞ்சினை வேகவெச்சுட்டு வருவான்.

பேரிங் மட்டும் போச்சுன்னா பேரிங் மட்டும் வாங்குங்க. சீல் மேலயே நெம்பர் இருக்கும். உள்விட்டம் 35, வெளிவிட்டம் 50, அகலம் 20 மி.மீ. ரகம் நெறைய வண்டியில ஓடுது. ஆனா அதைப் புல்லியில ஏத்தறதுக்குச் சுத்தியலை எடுக்காதீங்க. கணபதியிலயோ பீளமேட்டுலயோ ஒரு லேத்துப் பட்டறைக்குப் போங்க, பிரஸ்ல வெச்சு அமுக்கித் தருவாங்க. கோயமுத்தூர் ஜில்லாவுல பொறந்துபோட்டு பேரிங்கைச் சுத்தியல்ல அடிச்சு ஏத்துனோம்னு நாளைக்கு வெளிய சொல்ல முடியாது.

இனி வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. கழுத்துல மாட்டியிருக்கற இயர்போனையும் கழட்டுங்க. கம்ப்ரசர்ல ரெண்டு குழாய் வருது பாருங்க, ஒண்ணு தடியா, ஒண்ணு ஒல்லியா. அந்த ரெண்டு மேலயும் கையே வெக்கப்படாது. டயர்ல இருக்கறது 30 சொச்சம் பி.எஸ்.ஐ., அதுக்கே நீங்க பெட்ரோல் பங்க்ல பயந்து பயந்து நிக்கறீங்க. இந்தக் கோடை வெய்யில்ல வண்டி சும்மா நிக்கறப்பவே அந்தக் குழாய்க்குள்ள 100க்கு மேல நிக்கும். உள்ளார இருக்கறது ஆர் 134ஏ கேஸா இருந்தா, வெளிய வந்த ஒடனே மைனஸ் 26 டிகிரியில கொதிக்கும். கண்ணுல பட்டா அதுக்கு அப்புறம் ஓட்டறதுக்கு வண்டி எதுக்கு? பழைய ஆர் 12 ஓசோனைத் தின்னுதுன்னு 1987ல மான்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு ஒழிச்சாங்க. 134ஏ ஓசோனைத் தொடறதில்லை, ஆனா பூமியைச் சூடாக்கறதுல கரியமில வாயுவை விட 1,300 மடங்கு கெட்டிக்காரன். காருக்குள்ள குளுரு வேணும்னு ஊரைச் சூடாக்க வேண்டாம். நல்லவேளையா கிளட்ச் கேஸுக்கு வெளியதான் இருக்குது. கேஸ்ல ஒரு பொட்டுக்கூட வெளிய உடாம அதை மாத்தலாம், அதனாலதான் நான் உங்களைத் தடுக்கல. எடம் பத்தலீன்னா கம்ப்ரசர் போல்ட்டை மட்டும் கழட்டி, குழாயோடவே ஓரமா நகத்தி, கம்பி போட்டுக் கட்டி வெச்சுக்குங்க. குழாய்ல தொங்கவுட்டீங்கன்னா நான் சொன்னதெல்லாம் வீணு.

பெல்ட் போற வழியைக் கழட்டறதுக்கு முன்னால போட்டோ எடுத்துக்குங்க. நீங்க எடுக்கற ஆயிரம் போட்டோவுல அது ஒண்ணாவது உபயோகப்படட்டும். தட்டு நடுவுல பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட். தட்டு சுத்தாம புடிக்கறதுக்குத் தனியாக் கருவி இருக்குது. திருப்புளியைச் சொருகி நெம்பற ஆசை வரும். அடக்கிக்குங்க. தட்டு ஒரு நூல் கோணுனாலும் அப்புறம் வழுக்கிக்கிட்டே ஓடும். போல்ட்டைக் கழட்டியும் தட்டு கையில வரலீன்னா அதோட நடு ஓட்டையில மரையிருக்கும், அதுல புல்லர் போல்ட்டை முறுக்குனாத் தானா வெளிய வரும். அந்த நேரத்துலதான் சிம் எங்காச்சும் உழுந்து காணாமப் போகும். கீழ வெள்ளைத் துணி விரிச்சுக்குங்க, உங்க அத்தை சேலையை இல்லை.

அடுத்தது புல்லியைப் புடிச்சிருக்கற சர்க்கிளிப். இந்த சாமான் பிளையர்ல இருந்து நழுவுனா எங்க போகும்னு சொல்ல முடியாது. ஒண்ணு உங்க கண்ணுக்கு வரும், இல்லீன்னா பக்கத்தூட்டுப் பொடக்காளிக்குப் போகும். கண்ணாடி போட்டுக்குங்க. புல்லி வராட்டி ஷாஃப்ட் மேல சுத்தியல்ல தட்டாதீங்க, அந்த அடி கம்ப்ரசருக்குள்ளார போய் உழுகும். காயிலைக் கழட்டறப்ப பின்னால ஒரு சின்ன மொளை இருக்கும் பாருங்க. புதுக் காயிலை மாட்டறப்ப அந்த மொளை கம்ப்ரசர்ல இருக்கற குழியில உக்காரோணும். அது உக்காராம இறுக்கிட்டா காயில் கோணலா நின்னு, புல்லி அதை உரசி உரசி ஒரே நாள்ல புகை உடும். சர்க்கிளிப் பள்ளத்துல முழுசா உக்காந்துருச்சான்னு சுத்தி வந்து பாருங்க, சாய்வு சீவுன பக்கம் வெளிய இருக்கோணும். புல்லியைக் கையில சுத்தி உரசற சத்தம் இல்லீன்னா தட்டை மாட்டி, போல்ட்டை இறுக்கி, மூணு எடத்துல சந்தை அளங்க. சின்ன போல்ட் அது, ஸ்பேனர் மேல ஏறி நிக்கற வேலையெல்லாம் லாரி வீலுக்கு.

எல்லாம் மாட்டி முடிச்சதும் ஊரைச் சுத்தக் கெளம்பீராதீங்க. புதுத் தட்டும் புதுப் புல்லியும் ஒண்ணுக்கொண்ணு பழகோணும். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் பத்து வினாடி போட்டு, பத்து வினாடி நிறுத்தி, இப்பிடியே 15, 20 தடவை செய்யுங்க. செய்யாட்டி ஆரம்பத்துல வழுக்கிக் கருகிரும். காருக்குள்ள உக்காந்துக்கிட்டு ஒரு பட்டனை அழுத்தி அழுத்தி உடறதைப் பாத்தா வாசல்ல போறவங்க ஒரு மாதிரியாப் பாப்பாங்க. கண்ணாடியை ஏத்தி உட்டுக்குங்க.

அதுக்கப்புறம் ஒருக்கா நம்ம ஏசி மெக்கானிக்கிட்ட கொண்டுபோய் கேஜ் வெச்சு கேஸ் அளவு மட்டும் பாத்துக்குங்க. 'யாருங்க இதைக் கழட்டுனது?'ன்னு கேப்பாரு, கேக்காம இருக்கமாட்டாரு. நீங்களே கழட்டுனீங்கன்னு தைரியமாச் சொல்லுங்க. மாமன்தான் சொல்லித்தந்தாருன்னு மட்டும் வாயைத் தொறந்துபோடாதீங்க. போன நோம்பிக்கு முன்னால இருந்தே அவருக்கு நான் கொஞ்சம் பாக்கி வெச்சிருக்கறனுங்க.